கற்பூரத்தின் மேல் வைத்த கை

ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது, லீவு கேட்டு வருகிறவரிடம் முகம் சுளிக்காமல் இல்லை என்று சொல்வது, இதெல்லாம் தானாக வந்துவிடும். அதற்கெல்லாம் என்னைப் போல ஓய்வுபெற்ற ஒருத்தி உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. தானாக வராத ஒன்று இருக்கிறது. பெரிய தப்பு நடந்துவிட்டது என்று ஒரு புகார் வந்து, அதை விசாரிக்கும் நாற்காலியில் உங்களை உட்காரவைப்பார்கள். எதிரே நிற்கும் மனிதர்களில் யாரை எவ்வளவு நோகடிக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இதற்கும் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். நானும் போயிருக்கிறேன். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு விழுப்புரத்தில். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவர், தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு சக தொழிலாளியைத் துரத்தியவர், இன்னொருவருடைய சர்ட்டிபிகேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று எல்லா ரகத்தையும் விசாரித்திருக்கிறேன். பலரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்காக ஒரு வேளைச் சோறு எனக்கு இறங்காமல் போனதில்லை. தப்பு செய்தவருக்குத் தண்டனை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு விசாரணை மட்டும் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. அதில் சட்டப்படி ஒரு பிசகும் கிடையாது. ஃபைலைப் பார்த்த வக்கீல்கள் மெச்சினார்கள். தீர்ப்பும் சரியான தீர்ப்புதான். இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதையேதான் செய்வேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் என் வேலைக்காலம் முழுக்கத் தேடினால் அதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு இல்லை. சட்டம் படித்த பிள்ளைகள் நீங்கள். இப்படியும் ஒன்று நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மரக்காணம் ரோட்டுப் பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து மட்டும் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருவார்கள். அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர் தயாளன். அவரும் அதே ஊர். அந்த ஊரிலிருந்து முதன்முதலாக எங்களிடம் வேலைக்கு வந்தவரே அவர்தான். வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு மெஷினில் உட்காரக் கற்றுக்கொடுத்தது அவர். அவருடைய மனைவி அஞ்சலை பேக்கிங் பிரிவில் இருந்தாள். புருஷன் பெண்டாட்டி இருவரையும் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் காலை தையல் பிரிவிலிருந்து வேணி என்ற பெண் என் அறைக்கு வந்தாள். அதே ஊர்ப் பெண், கல்யாணமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தின நாள் தோல் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனபோது தயாளன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார், கையைப் பிடித்து இழுத்தார், தள்ளிவிட்டு ஓடிவந்தேன் என்றாள். அழவில்லை. சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டாள்.

“வீட்ல சொன்னியா?”

“சொன்னேன் மேடம். மாமியாரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. நெசமா இருந்தா நாங்க உங்கூட நிக்கறோம். பொய்யின்னு ஆச்சுன்னா இந்த வூட்டுல உனக்கு எடம் இல்ல, உங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருன்னுட்டாங்க.”

அவள் புருஷன் சென்னையில் கொத்தனார் வேலைக்குப் போய்வருபவன். அவனும் அதையேதான் சொன்னானாம். ஆக, அவளுக்குப் புகாரோடு குடித்தனமும் பணயத்தில் இருந்தது.

சட்டப்படி அமைக்க வேண்டிய பெண்கள் புகார்க் குழு எங்களிடம் இருந்தது. எல்லோரும் கமிட்டி என்பார்கள். நான் தலைவி. வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் விழுப்புரத்திலிருந்து ஒரு வக்கீலம்மாவைச் சேர்த்திருந்தோம். தயாளனைக் கூப்பிட்டுக் கேட்டோம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“தோல வீணாக்கிப்புட்டான்னு நாலு பேரு முன்னால திட்டினேன் மேடம். அந்தக் கோவத்துல சொல்லுது. சின்னப் பொண்ணு, நான் மன்னிச்சுட்டேன்.”

திட்டியது உண்மை. நாலு பேர் கேட்டிருந்தார்கள். ஸ்டோர் ரூமில் நடந்ததற்குத்தான் ஆளே இல்லை. கேமரா கம்பெனி வாசலைப் பார்க்கும், ஸ்டோர் ரூம் பக்கம் பார்க்காது. மெஷின் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. விசாரிக்கிறவர் யாரையும் முன்கூட்டி நம்பக் கூடாது என்பது பாடம். நான் வேணியை நம்பினேன். நம்பியதை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இந்தத் தொழிலில் என்னை வளர்த்தவர் ஒரு பழைய பர்சனல் ஆபீசர். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. “விசாரணை முடியற வரைக்கும் ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கம்மா. முடிஞ்ச பிற்பாடும் நம்ம ஆளுங்கதான். அதுலதான் இருக்குது வம்பே” என்பார். இளம் வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

விசாரணை ரகசியமாக நடக்க வேண்டும் என்கிறது சட்டம். பஸ்ஸில் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகிறவர்களிடம் ரகசியமா? ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரௌபதி அம்மன் கோயிலில் இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரியும் கற்பூரத்தை, நான் சொன்னது சத்தியம் என்று சொல்லிக் கையால் அணைக்க வேண்டும். யார் பின்வாங்குகிறாரோ அவர் பொய். ஆடு காணாமல் போனாலும், வரப்புத் தகராறு வந்தாலும் அந்தப் பக்கத்தில் இப்படித்தான் முடிப்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் ஆளையும் பிள்ளைகுட்டிகளையும் பிடிக்கும் என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள். போலீசிடம் பொய் சொல்கிறவர்கூட அம்மனிடம் சொல்லத் தயங்குவார்.

எங்கள் ஃபேக்டரி மேனேஜருக்கு வாயெல்லாம் பல். “நல்லதாப் போச்சு மேடம். கோயில்லயே முடிஞ்சுட்டா நமக்கு ஏது பேஜாரு? கப்பலுக்குச் சரக்கு போற நேரம். அந்த ஊர் ஆளுங்க ஒருநாள் வரலைன்னா லைனே நின்னுடும்” என்றார்.

“கோயில்ல என்ன நடந்தாலும் கமிட்டி அதுபாட்டுக்கு நடக்கும் சார்” என்றேன். வாயால்தான் சொன்னேன். ஊர் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு சாட்சியும் என் அறைக் கதவைத் தட்டாது என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேணி வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

“மேடம், என்னால கற்பூரத்துல கை வெக்க முடியாது.”

எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் பொய்தானோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“அதுக்கில்ல மேடம். நாள் தள்ளிப் போயிருக்குது. ரெண்டு தடவ வந்து தங்காமப் போச்சு. வவுத்துல இருக்கறப்ப சத்தியம் பண்ணக் கூடாது. நெசமே ஆனாலும் பண்ணக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்.”

“அப்ப அதைச் சொல்லிடு. விட்டுடுவாங்க.”

“மூணு மாசம் ஆவறதுக்கு முன்னால வெளியில சொன்னா தங்காது மேடம். போன தடவ சொல்லித்தான் போச்சு. அவருகிட்டகூடச் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன். நீங்களும் சொல்லக் கூடாது.”

சொல்லமாட்டேன் என்றேன். வேறென்ன சொல்வது? படித்தவள் என்ற மிடுக்கில் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு குழந்தைகளை இழந்தவளிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

“நீங்க வந்து நில்லுங்க மேடம். ஒண்ணும் பேச வேணாம். சும்மா நின்னாப் போதும்” என்றாள்.

நான் போயிருக்கக் கூடாது என்று பின்னால் வக்கீலம்மா சொன்னார். போனேன்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே கோயில் வாசலில் நின்றார்கள். நான் எதிரே டீக்கடைப் பக்கமாக ஒதுங்கி நின்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உக்காருங்க மேடம். நீங்களும் பாத்துக்கினு போங்க. அப்பால கமிட்டி கிமிட்டின்னு எதுக்கு அலையணும்?”

“நான் சும்மா வந்தேங்க.”

“சும்மா யாரு வருவாங்க” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பித்தளைத் தட்டில் கற்பூரத்தைக் குவித்து ஏற்றினார்கள். புகார் சொன்னவள் என்பதால் முதலில் வேணியைக் கூப்பிட்டார்கள். தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கை இரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“நான் சொன்னது நெசம். ஆனா கற்பூரத்துல கைய வெக்க மாட்டேன்.”

அவள் மாமியார் கூட்டத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். “ஏண்டி, நெசம்னா இன்னா பயம்? வெய்யி கைய.”

வேணி அசையவில்லை. “வெக்க மாட்டேன் அத்தை.”

கூட்டத்தில் சலசலப்பு. அப்பவே தெரியும் என்று யாரோ சொன்னார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் ஏன் கை வைக்கவில்லை என்று தெரிந்தது அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மட்டும்தான். கொடுத்த வாக்கு வாயைக் கட்டிப்போட்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேணி அந்த இடத்திலேயே காப்பாற்றப்பட்டிருப்பாள், அவள் நம்பியதெல்லாம் போயிருக்கும்.

அடுத்து தயாளன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். தட்டில் புதுக் கற்பூரம் போட்டார்கள். அவர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, கையை ஓங்கினார்.

“நான் ஒரு தப்பும் பண்ணல. அப்பிடிப் பண்ணியிருந்தா, எங் குடும்பம்...”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலை ஓடிவந்தாள். அவர் கை இறங்குவதற்குள் தன் உள்ளங்கையை எரிகிற கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்திவிட்டாள். தட்டோடு சேர்த்து அழுத்தினாள். நெருப்பு அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“வாணாங்க. சத்தியம் வாணாம். வூட்டுக்கு வாங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மற்றக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் போனார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் மூடித்தான் இருந்தது.

ஆனால் மறுநாளே திறந்துகொண்டது. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. குற்றம் உண்மை, அதனால்தான் பெண்டாட்டி தடுத்தாள் என்று பாதிப் பேர். அஞ்சலை கோயில் என்றாலே நடுங்குகிறவள், புகார் சொன்னவளே கை வைக்காதபோது இவர் எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று மீதிப் பேர். கமிட்டியில் தயாளனும் அதையேதான் சொன்னார். “அவ ஒரு பயந்தாங்கொள்ளி மேடம். நான் அணைச்சிருப்பேன், எல்லாரும் பாத்தாங்களே.” வேணியின் மாமனார் என்னைப் பார்க்க கேட் வரைக்கும் வந்தார். “இந்தப் பொண்ணு ஏன் கை வெக்கலன்னு எங்க சனம் கேக்குதுங்க. நான் இன்னான்னு சொல்றது? கம்பெனியில ஒரு முடிவு எழுதிக் குடுங்க. அது வரைக்கும் அவ இருக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்” என்றார். அந்த அப்பாலவுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

மேனேஜர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். “தயாளனை ராஜினாமா எழுதித் தரச் சொல்லிடுவோம். அவனும் போயிடுவான், ஃபைலும் முடிஞ்சுடும். யாருக்கும் கஷ்டம் இல்ல.”

யாருக்கும் கஷ்டம் இல்லை என்று யாராவது சொன்னால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத ஒருவர் தலையில் கஷ்டத்தை வைக்கிறார்கள் என்று அர்த்தம். தயாளன் கௌரவமாக விலகிப் போனால், ஊரில் பொய்க்காரி என்ற பேரோடு வேணி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர் அடுத்த கம்பெனியில் போய் இன்னொரு ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொள்வார். முடியாது என்றேன்.

வக்கீலம்மாவிடம் கோயிலில் நடந்ததைச் சொன்னேன். “நீங்க கண்ணால பாத்ததை நீங்களே வெச்சுத் தீர்ப்பு எழுத முடியாது மேடம். ஒண்ணு நீங்க சாட்சி, இல்ல நீங்க தலைவி. அந்தம்மா ஏன் தடுத்தாங்கன்னு அந்தம்மாதான் வந்து சொல்லணும்” என்றார்.

“புருஷன் பெண்டாட்டிகிட்ட தனியா ஏதாவது சொல்லியிருந்தா அதைக் கேக்கலாமா?”

“கோர்ட்டா இருந்தா கேக்க விடமாட்டாங்க. கம்பெனி விசாரணைக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. அவங்களா வந்து சொன்னா எழுதிக்கலாம்.”

கோர்ட்டே கைவைக்கக் கூசுகிற ஒரு இடம் அது. அங்கே போக எனக்கு வழி திறந்திருந்தது. போனேன்.

அஞ்சலை பேக்கிங் டேபிளில் ஒரு கையால் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. தனியாகக் கூப்பிட்டேன். இந்த இடத்தை மட்டும் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவில்லை, ஆசைகாட்டவில்லை.

“வரலன்னா இன்னா பண்ணுவீங்க மேடம்?”

“ஒண்ணும் பண்ண மாட்டோம். கட்டாயம் கிடையாது.”

“வந்து சொன்னா அவருக்கு வேலை போவுமா?”

“போகலாம் அஞ்சலை. போகாதுன்னு என்னால சொல்ல முடியாது.”

“அந்தப் பொண்ணுக்கு?”

“நீ வரலன்னா, அவ பொய் சொன்னான்னுதான் ஊர்ல நிக்கும்.”

துணி சுற்றிய கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அவ பொய் சொல்லல மேடம். வர்றேன்” என்றாள்.

கட்டாயம் கிடையாது என்றேன். மனசாட்சி உள்ள ஒருத்தியிடம் போய் இன்னொரு பெண்ணின் வாழ்க்கை உன் வாயில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கட்டாயம் கிடையாது என்பது என்ன பேச்சு? சட்டப் புத்தகத்தில் அது சரியான பேச்சுதான்.

கமிட்டி முன்னால் அஞ்சலை நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு வூட்டுக்கு வந்து சோறு வாணாம்னாரு. இன்னான்னு கேட்டேன். தப்பு நடந்துபோச்சு அஞ்சலைன்னாரு. ஸ்டோருல அந்தப் பொண்ணு கையப் புடிச்சுட்டேன்னு சொல்லித் தலையில அடிச்சுக்கினாரு. அழுதாரு. மறுநாளு அது வந்து உங்ககிட்ட சொல்லிடுச்சுன்னு தெரிஞ்சதும், நான் பண்ணவே இல்லைன்னு ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கப்புறம் எங்கிட்டயும் அப்பிடியே பேசினாரு. கோயில்ல அவரு கை வெக்கறதுக்குள்ள நான் அணைச்சேன்.”

படித்துக்காட்டினோம். சரி என்றாள். வலது கை மடங்கவில்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள்.

தயாளனை வேலையை விட்டு நீக்கினார்கள். வேணியின் புகார் உண்மை என்று கமிட்டி எழுதியது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. மாமியார் வாயை மூடிக்கொண்டாள். மூன்று மாதம் முடிந்து வேணி விஷயத்தைச் சொன்னதும், அன்றைக்கு ஏன் அவள் கை வைக்கவில்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மாமியார் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை அவித்து ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். “எம் மருமவளக் காப்பாத்திக் குடுத்தீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

வேலைக்கு வந்த புதிதில், விசாரணை என்றால் இரண்டு கட்சி என்று நினைத்துக்கொள்வீர்கள். புகார் கொடுத்தவர் ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவர் ஒன்று. மூன்றாவதாக ஒருவர் அநேகமாக இருப்பார். அவர் புகாரும் கொடுத்திருக்க மாட்டார், தப்பும் செய்திருக்க மாட்டார். தீர்ப்பு எழுதுகிற காகிதத்தில் அவருக்கென்று ஒரு பத்தி இருக்காது. புகார் கொடுத்தவளைக் கம்பெனிக்குள் யாரும் பழிவாங்கக் கூடாது, சாட்சி சொன்னவளையும் கூடாது என்று சட்டம் காவல் போட்டிருக்கிறது. அந்தக் காவல் கம்பெனி கேட்டோடு நின்றுவிடும். பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகாது.

அஞ்சலையின் மாமியார் அவளுக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். தயாளன் புதுச்சேரிப் பக்கம் ஏதோ வேலைக்குப் போகிறேன் என்று போனவர், வாரக் கடைசியில் வந்தாலும் அவளிடம் பேசுவதில்லை என்றார்கள். கோயிலில் அவள் கை வைத்தபோது மெய்சிலிர்த்து நின்ற அதே பெண்கள், புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தார்கள். முதலில் என்னிடம் வந்து சொன்னது வேணிதான்.

“அந்த அக்காவ யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க மேடம். நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க. வேலைய வுட்டு நின்னுடுவாங்க போல இருக்குது. நீங்க ஏதாச்சும் பண்ணுங்க.”

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். வேறு யூனிட்டுக்கு மாற்றித் தருகிறேன், தங்க இடம் பார்த்துத் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னேன். பதில் வரவில்லை. பிறகு ஒருநாள் அவளே வந்தாள். வேலையை விட்டு நிற்கப் போவதாகச் சொல்லி ஒரு தாளை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையிலிருந்த துணியை எடுத்திருந்தாள். உள்ளங்கை நடுவில் தோல் சுருங்கிப் போயிருந்தது.

“நின்னுட வேணாம் அஞ்சலை. உனக்கும் ஒரு வருமானம் வேணும். யோசிச்சுப் பாரு.”

“யோசிச்சுட்டேன் மேடம். எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன், வளவனூருக்கு. அங்க கரும்பு வெட்டு வேலை இருக்குது.”

“என் மேல கோவமா?”

“இல்ல மேடம். நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். நடந்தத நடந்துச்சுன்னு சொன்னேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல.”

எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். எழவில்லை.

“ஒண்ணு மட்டும் கேக்கணும். கமிட்டியில எழுதினத அவருக்கு ஒரு காப்பி குடுத்தீங்கல்ல. அத அவரு வூட்டுல எல்லாரையும் உக்கார வெச்சுப் படிச்சாரு. கற்பூரத்த அணைச்சதும், அப்பால வந்து சொன்னதும், ரெண்டும் மனைவியே தன் கணவருக்கு எதிராகச் சொன்ன சாட்சின்னு அதுல போட்டிருக்குது.”

ஆமாம். அந்த வாக்கியத்தை எழுதியது நான். அழுத்தமான வாக்கியம் என்று வக்கீலம்மா அதன் ஓரத்தில் கோடு போட்டிருந்தார்.

“கமிட்டியில சொன்னத எப்பிடி வேணா எழுதிக்கோங்க மேடம். கற்பூரத்துல கை வெச்சது சாட்சி சொல்ல இல்ல. பொய்ச் சத்தியம் பண்ணிட்டாருன்னா அம்மா சும்மா வுடுவாளா? அவரப் புடிச்சுக்குமேன்னுதான் ஓடுனேன். அந்த எடத்த மட்டும் எடுத்துட்டு வேற ஒண்ணு குடுப்பீங்களா? வேலையத் திருப்பிக் கேக்கல. அவருக்கு எதிரான்னு இருக்கறதுதான். அத எடுத்துட்டா அவருகிட்ட காட்டுவேன்.”

அறிக்கை நிர்வாகத்துக்குப் போய், உத்தரவும் ஆகிவிட்டது. அதன்பிறகு அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. மாற்றினால் தயாளன் வழக்குப் போட்டு மறுபடி வேலைக்கு வந்துவிடுவார், வேணிக்குக் கிடைத்தது போய்விடும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். நன்றாகத்தான் விளக்கினேன். அவளும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சரிங்க மேடம். முடியாதுன்னா முடியாதுதான்” என்று எழுந்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

“அப்ப நீங்களாச்சும் தெரிஞ்சுக்கினு இருங்க. நான் அவருக்காகத்தான் வெச்சேன்” என்றாள்.